பளபளப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்

எங்கள் ஊர் பாலவனத்தத்தில், பட்டாளத்தில் சேர விடியற்காலை ரோட்டில் ஓடுகிற பையன்கள் என்னைப் பார்த்தால் நின்று பேசுவார்கள். 1600 மீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும், மார்பு எவ்வளவு விரிய வேண்டும் என்பதுதான் கேள்வி. அதெல்லாம் யூடியூபில் கிடைக்கும். யாரும் கேட்காத ஒன்றை நான் சொல்கிறேன்: பட்டாளத்தில் சேர்ந்த பிறகு உங்கள் கையில் தரப்போகிற ஆயுதத்தைப் பற்றி. நான் நாயப் சுபேதார் ஆகாமல் ஹவில்தாராகவே ஊர் திரும்பியதற்கும், என் இடது ஆள்காட்டி விரலின் நுனியில் இன்றைக்கும் உணர்ச்சி இல்லாததற்கும் காரணம் ஒரு மெஷின் கன். துப்பாக்கியின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதைப் பராமரித்ததாகக் கையெழுத்துப் போட்ட ஆளின் மேல் உண்டு. அவர் பெயரையும் யூனிட் பெயரையும் எழுதப் போவதில்லை. படித்தால் அவருக்கே தெரியும்.

எங்களிடம் இருந்தது மேக் என்கிற எம்.எம்.ஜி., அதாவது மீடியம் மெஷின் கன். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி 1950-களில் உருவாக்கியது. நம் நாட்டில் கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரி செய்கிறது. எடை கிட்டத்தட்ட 12 கிலோ, குண்டு 7.62 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 650 முதல் 1000 வரை. நல்ல துப்பாக்கி. ஒழுங்காக வைத்திருந்தால் கழுதை மாதிரி உழைக்கும்.

இதில் எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிற விஷயம் ஒன்று உண்டு. பராமரிக்காத துப்பாக்கி சுடாது, அவ்வளவுதானே என்பார்கள். ரைஃபிளில் அப்படி இருக்கலாம். மெஷின் கன்னில் அழுக்கு சேர்ந்தால் அது நிற்காமலும் சுடும். எப்படி என்று கேளுங்கள். காக் செய்ததும் போல்ட் பின்னால் போய் சியர் என்கிற கொக்கியில் மாட்டி நிற்கிறது. ட்ரிகரை அழுத்தினால் முன்னால் பாய்ந்து, பெல்ட்டிலிருந்து ஒரு குண்டைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சுடுகிறது. பேரலில் இருக்கிற சின்னத் துளை வழியாக வருகிற கேஸ் பிஸ்டனைத் தள்ளி, போல்ட்டை மறுபடி பின்னுக்குக் கொண்டுவருகிறது. விரலை எடுத்ததும் சியர் மேலே எழும்பி போல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேஸ் வழியில் கரி அடைத்திருந்தால் பிஸ்டனுக்கு முழு உதை கிடைக்காது. போல்ட் சியர் வரைக்கும் வந்து சேராது. ஆனால் அடுத்த குண்டைத் தாண்டுகிற அளவுக்கு வந்துவிடும். பின்னாலிருக்கிற ஸ்ப்ரிங் அதை மறுபடி முன்னால் எறியும். மறுபடி வெடிக்கும். உங்கள் விரல் ட்ரிகரில் இருக்காது, துப்பாக்கி மட்டும் சுட்டுக்கொண்டே இருக்கும். சியர் தேய்ந்திருந்தாலும் இதே கதிதான்.

எனக்கு நேர்ந்தது இதுதான். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஃபீல்டு ஃபயரிங். எங்கள் துப்பாக்கி ரிப்பேரில் கிடந்ததால், முதல் நாள் சாயங்காலம் வேறு கம்பெனியின் துப்பாக்கியைக் கோத்து என்கிற ஆயுதக் கிடங்கிலிருந்து கொடுத்தார்கள். வெளியே கண்ணாடி மாதிரி மின்னியது. கேஸ் ரெகுலேட்டரைக் கையால் திருப்பினேன், அசையவில்லை. விரலால் தடவினால் கறுப்புக் களிம்பு. எங்கள் சீமையில் கருவேலங்கரி மூட்டம் போடுகிற வீட்டில் பிறந்தவனுக்குக் கரியைத் தெரியாதா? மேலே புது எண்ணெய், அடியில் பழைய கரி, நடுவில் மணல். இன்ஸ்பெக்‌ஷனுக்காக எண்ணெயைப் பூசி நிறுத்தியிருக்கிறார்கள்.

கோத்துக்காரரிடம் சொன்னேன். "ஏப்பா, நாளைக்கு ஜெனரல் சாப் வர்றாரு. வெளிய பளபளன்னு இருந்தாப் போதும். உள்ளாற தலைய விட்டா பாக்கப் போறாரு?" என்றார். "சாப், ரெஜிஸ்டர்ல எழுதிக்கோங்க" என்றேன். "எழுதிட்டேன், எழுதிட்டேன்" என்றார். சுரண்டுகிற டூல் கேட்டேன், கோத்து மூடும் நேரம் என்றார்.

மறுநாள் சின்னச் சின்ன பர்ஸ்ட்டாகச் சுட்டேன். மூன்றாவது பர்ஸ்ட்டிலேயே சத்தம் மந்தமானது. அடுத்ததில் விரலை எடுத்தேன், துப்பாக்கி நிற்கவில்லை. பக்கத்தில் பெல்ட்டைப் பிடித்துக்கொடுக்கிற நம்பர் 2 கமுதிப் பக்கத்துப் பையன், புதுசு. "அண்ணே, நிக்க மாட்டேங்குதுண்ணே!" என்று பெல்ட்டைப் போட்டுவிட்டு எழுந்து பின்னால் ஓடிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெல்ட்டில் பாதிக்கு மேல் பாக்கி. சும்மா விட்டால் தீர்ந்து நின்றுவிடும், உண்மைதான். ஆனால் மணலில் பைபாட் கால் வழுக்க ஆரம்பித்தது. முனை இடது பக்கம் போனால் அங்கே ஆள் இருக்கிறது. துப்பாக்கியின் பின்கட்டையை வலது தோளில் நெருக்கிக்கொண்டு, இடது கையால் பெல்ட்டைப் பிடித்து முறுக்கினேன். லிங்க் பிரிந்தது, துப்பாக்கி நின்றது. விரல் ஃபீட் டிரேயில் மாட்டி நகத்தோடு பிய்ந்தது. ஒரு குண்டுகூட டார்கெட் பக்கம் விட்டு வேறெங்கும் போகவில்லை. இதை விசாரணையில் ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்டது வேறு: "ஃபயரிங்குக்கு முன்னால் ஆயுதத்தைச் சுத்தம் செய்ய வேண்டியது யார்?" ரெஜிஸ்டரில் ஒரு வரிகூட இல்லை. எழுதிட்டேன் என்றவர், நான் ஒன்றுமே சொல்லவில்லை என்றார். எனக்கு சர்வீஸ் ரிக்கார்டில் சிவப்பு மை என்ட்ரி, அதாவது தண்டனைக் குறிப்பு. அவருக்குப் பிரமோஷன்.

ஆகவே முதல் பாடம்: பழுதைச் சொன்னால் போதாது. உங்கள் கண் முன்னால் துப்பாக்கி நம்பரோடு எழுத வைத்து, தேதியோடு உங்கள் கையெழுத்தையும் போடுங்கள். எழுத மாட்டேன் என்றால் ஆயுதத்தை வாங்காதீர்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். திட்டு சர்வீஸ் ரிக்கார்டில் ஏறாது.

விரலை எடுத்த பிறகும் துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருந்தால்: முனையை டார்கெட்டை விட்டு நகர்த்தாதீர்கள். கவரைத் திறக்காதீர்கள். பெல்ட்டில் கொஞ்சம்தான் மிச்சம் என்றால் சுட்டுத் தீரட்டும். நிறைய இருந்தால் நம்பர் 2 பெல்ட்டை ஃபீட் டிரேயிலிருந்து தள்ளிப் பிடித்து முறுக்க வேண்டும். நம்பர் 2-க்கு இதை வெறும் பெல்ட்டில் பத்துத் தடவையாவது செய்துகாட்டாமல் ரேஞ்சுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

மற்றதெல்லாம் உஸ்தாத் சொல்லித்தருவார், சுருக்கமாகச் சொல்கிறேன். சுட்டு முடிந்த அன்றைக்கே கேஸ் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். புல்த்ரூ கயிற்றில் சிந்தி என்கிற துணித்துண்டை மாட்டி, அது வெள்ளையாக வரும்வரை பேரலுக்குள் இழுங்கள். மணல் பறக்கிற இடத்தில் எண்ணெயைக் கொட்டாதீர்கள். ஒரு துப்பாக்கியின் பேரலை இன்னொன்றில் மாட்டாதீர்கள். இதே துப்பாக்கியின் அமெரிக்க வடிவம் எம் 240. அதன் கையேட்டில், பேரலைப் பூட்டும்போது கேட்கிற 'டிக்' சத்தம் 2-க்குக் குறையக்கூடாது, 7-ஐத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. குறைந்தாலும் தாண்டினாலும் சுடாமல் ஆர்மரரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் 200 குண்டு சுட்டிருந்தால் அந்தப் பேரலைச் சூடான பேரல் என்று கணக்கில் வையுங்கள். உள்ளே மாட்டிய குண்டு சூட்டிலேயே வெடிக்கும். அன்லோட் செய்யும்போது பெல்ட்டை எடுத்து, டிரேயையும் சேம்பரையும் கண்ணால் பார்த்த பிறகுதான் போல்ட்டை முன்னால் விட வேண்டும். வரிசை மாறினால் வெடிக்கும்.

மணலை நான் பெரிதுபடுத்துவதாக நினைத்தால் ஈராக்கைப் பாருங்கள். 2003 மார்ச் 23-ல் நாசிரியாவில் வழி தவறிப்போன அமெரிக்காவின் 507-வது மெயின்டனன்ஸ் கம்பெனி தாக்கப்பட்டது. ரைஃபிளும் மெஷின் கன்னும் ஒன்றன்பின் ஒன்றாக மக்கர் செய்தன. 11 பேர் செத்தார்கள். பாலைவனத்தில் போதிய பராமரிப்பு இல்லாதது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் ராணுவத்தின் அறிக்கையே சொன்னது. உலகத்திலேயே பணக்கார ராணுவத்துக்கு அந்தக் கதி.

குண்டு எங்கே போய் நிற்கும் என்று ரேஞ்சில் யாரும் யோசிப்பதில்லை. 7.62 குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும். நம் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பசுமலைப்பட்டி ரேஞ்சில் சுட்டுப் பழகிய அன்று, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் அவன் இறந்தான். அது பராமரிப்புக் கோளாறு என்று நான் சொல்லவில்லை. முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்காக ஒருத்தன் தன் விரலைக் கொடுத்தால், அதை முட்டாள்தனம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன்.

"இப்ப நெகேவ் வந்திருச்சு மாமா, பழைய கதையெல்லாம் வேணாம்" என்று லீவில் வந்த ஒரு பையன் சொன்னான். நெகேவ் லைட் மெஷின் கன் வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் 16,479 துப்பாக்கிக்கு ஓர் இஸ்ரேல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். அதுவும் கேஸில்தான் ஓடுகிறது தம்பி. கேஸ் போகிற வழியில் கரி படியத்தான் செய்யும்.

ரிட்டயர் ஆகி அருப்புக்கோட்டைப் பக்கம் பேங்க்கில் கன்மேன் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 12 போர் தானே என்று அலட்சியம் வேண்டாம். தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்பி வருகிற துப்பாக்கியை உடனே மடக்கி, குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான் ஒருமுறை பார்த்தபோது உள்ளே குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருந்தது. அப்படியே சுட்டிருந்தால் குழல் வெடித்து முகம் போயிருக்கும். தோட்டாவின் பித்தளை பச்சை பூத்திருந்தால் மாற்றிக் கேளுங்கள்.

அந்தக் கோத்துக்காரரும் ரிட்டயர் ஆகி, இப்போது ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் சூப்பர்வைசர் என்று கேள்வி. அவர் கையிலிருந்து துப்பாக்கி வாங்குகிற பிள்ளைகள் முதலில் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கட்டும், பிறகு கையெழுத்துப் போடட்டும். அவர் "எழுதிட்டேன்" என்றால், எழுதிய பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.