சப்வூஃபர் பெட்டியில் கரகரப்பு

கேள்வி: வீட்டில் செய்த சப்வூஃபர் பெட்டி இரைவது ஏன்? (வாசகர், பெண்ணாடம்)

பதில்: பாட்டு ஓடாதபோதும் 'உம்ம்' என்று இரைந்தால் குற்றம் பெட்டியில் இல்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் முனகும். இன்புட் ஒயரைக் கழற்றியதும் அடங்கினால் ஒயரின் ஷீல்டிலோ எர்த்திலோ கோளாறு. அடங்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் பவர் சப்ளை.

பாஸ் அடிக்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் பெரும்பாலும் பெட்டிதான் காரணம். ஒலியைக் குறைத்து, 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை டோனை மெல்ல ஏற்றி, பலகைகளைக் கையால் அழுத்திப் பார்ப்பதே மலிவான சோதனை. அழுத்தியதும் அடங்கும் இடத்தில் திருகு தளர்ந்திருக்கும், அல்லது ஒட்டு விட்டிருக்கும். 'புஸ்' என்று காற்று கசியும் இணைப்பைச் சிலிக்கான் பூசி அடைக்கலாம். பலகை அதிர்ந்தால் உள்ளே குறுக்குக்கட்டை வேண்டும். போர்ட் குழாய் சீறினால் அதன் விட்டம் போதவில்லை. அகலமான குழாய் போட்டால் நீளத்தையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ட்யூனிங் ஏறிவிடும். கோனை மெதுவாக அழுத்தும்போதே உரசினால் வாய்ஸ் காயில் கெட்டிருக்கிறது. பெட்டியைத் திருத்திப் பயனில்லை.