வீணை வராத அன்று: மூவர் கச்சேரிக்குக் குழு சேர்க்கும் பிள்ளைகளுக்கு

வேணு, வயலின், வீணை மூன்றும் சேர்ந்து உட்காரும் கச்சேரியை நமக்குப் பழக்கியவர் லால்குடி ஜெயராமன். 1966-இல் அவருடைய வயலினோடு என். ரமணியின் குழலும் திருவனந்தபுரம் ஆர். வெங்கட்ராமனின் வீணையும் சேர்ந்தன. திண்டுக்கல்லில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் அந்த வழியில் குழு சேர்க்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒருவர் வரமுடியாவிட்டால் அந்த இடத்தில் எந்த வாத்தியத்தை வைப்பது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. காலியான இடத்தை உடனே நிரப்பப் பார்க்காதீர்கள். வராத வாத்தியம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று முதலில் யோசியுங்கள். குழலும் வயலினும் நாதத்தை நீட்டிப் பிடிப்பவை. வீணை மீட்டியதும் பிறந்து மெல்லத் தேய்வது. அந்தத் தேய்வு இருப்பதால்தான் மற்ற இரண்டின் கார்வைக்கும் இடம் கிடைக்கிறது. மந்திர ஸ்தாயியின் ஆழமும் வீணையிடம்தான் இருக்கிறது. அதன் ஏழு தந்திகளில் நான்கு வாசிப்புக்கு, மூன்று தாளத்துக்கு. ஆக வீணை வராத அன்று ஆழம், மீட்டின் தெளிவு, தாளத்தின் துணை மூன்றும் போய்விடுகின்றன. "இன்னொரு வயலின் வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்வது சுலபம். ஆனால் அப்போது மூன்றும் நீட்டுகிற நாதமாகி, கேட்பவருக்கு யார் வாசிப்பது என்றே பிரித்தறிய முடியாமல் போகும். சித்திர வீணை கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. மெட்டே இல்லாததால் கமகம் வழுக்கிக்கொண்டு வரும், ஆழமும் இருக்கும். அடுத்தது மாண்டலின். ஐந்து ஒற்றைத் தந்தி போட்ட மின் மாண்டலினில் எல்லாக் கமகமும் பேசும் என்று யு. ஸ்ரீநிவாஸ் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். மாண்டலின் வந்தால் கீழ் ஸ்தாயியை வயலின்காரர் எடுத்துக்கொள்ள வேண்டும், தாளத்தை மிருதங்கம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்க வேண்டும். ஒருவர் மாறினால் மூவருடைய வேலையும் மாறுகிறது. சாதாரணக் கீபோர்டை மட்டும் வைக்காதீர்கள். கட்டைக்குக் கட்டை சுரம் நிலைத்து நிற்கிற வாத்தியத்தில் தோடியின் காந்தாரம் அசையாது.

2. சுருதியை விட்டுக்கொடுக்க முடியாத வாத்தியம் எதுவோ, அதற்கே சுருதியை விடுங்கள். மூங்கில் குழலுக்குச் சுருதியை ஏற்றி இறக்க முடியாது. வேறு குழலைத்தான் எடுக்க வேண்டும். வீணைத் தந்தி கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், அதற்கு மேல் இழுத்தால் அறும், தளர்த்தினால் நாதம் செத்துப்போகும். வயலின்காரர்தான் தாராளமாக இணங்கிப் போகக்கூடியவர். ஆகவே மாற்று வாத்தியக்காரரிடம் போனில் முதலில் கேட்க வேண்டியது, "என்ன கட்டையில் வைத்திருக்கிறீர்கள்?" என்பது. பாட்டுப் பட்டியல் அதற்குப் பிறகு.

3. குழலுக்குப் பதில் கிளாரினெட்டோ சாக்சபோனோ வந்தால், அதைக் குழல் மாதிரி வாசிக்கச் சொல்லாதீர்கள். கிளாரினெட்டில் நாகஸ்வர பாணியைப் பேச வைத்த ஏ.கே.சி. நடராஜனும், சாக்சபோனைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்த கத்ரி கோபால்நாத்தும் தங்கள் வாத்தியத்தின் இயல்பை மறைத்துப் பெயர் வாங்கவில்லை. கோபால்நாத் 1994-இல் லண்டன் பிபிசி ப்ராம்ஸ் மேடையில் சாக்சபோனை அதன் சொந்தக் குரலிலேயே பேசவைத்தார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மைக்கை ஊதுகிறவரிடமிருந்து தள்ளி வையுங்கள், வீணைக்கு நெருக்கி வையுங்கள்.

4. வயலினுக்கு மாற்றா என்று முகம் சுளிக்காதீர்கள். வயலினே வெளியிலிருந்து வந்ததுதான். பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதைப் பழக்கி எடுத்தார்கள். சுவாதித் திருநாள் 1834-இல் வடிவேலுவுக்குத் தந்த வயலின் தந்தத்தால் ஆனது. வயோலா கிடைத்தால் தயங்காமல் வையுங்கள், பாலமுரளிகிருஷ்ணா அதில் கச்சேரியே செய்திருக்கிறார். மேல்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பிராம்ஸ் 1891-இல் எழுதிய கிளாரினெட், செல்லோ, பியானோ மூவர் இசையில் கிளாரினெட்டின் இடத்தில் வயோலா வாசிக்கலாம் என்று அவரே இடம் கொடுத்தார்.

5. மிருதங்கம் வராத அன்று தவில் கிடைக்கிறதே என்று ஏற்றிவிட வேண்டாம். குன்னக்குடி வைத்தியநாதனும் வலையப்பட்டி சுப்பிரமணியமும் வயலினையும் தவிலையும் சேர்த்து ஊர் ஊராக வாசித்தது உண்மைதான். ஆனால் அங்கே வீணை இல்லை. வீணை இருக்கிற மேடையில் கடமோ கஞ்சிராவோ போதும். நம் பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கமும் கஞ்சிராவும் இரண்டும் வாசித்தவர். அவர் இடது கைக்காரர், அதனால் மேடையில் உட்காரும் வரிசையே மாற வேண்டியிருந்தது. இடம் மாறி உட்கார மற்றவர்கள் தயங்கிய காலத்தில் அவரைக் கூப்பிட்டு மேடையில் அமர்த்தியவர் செம்பை வைத்தியநாத பாகவதர். புதிதாக வருகிறவருக்காக நீங்களும் இடம் மாறி உட்காரத் தயாராக இருங்கள்.

6. நம் ஊர் வெயிலை மறக்காதீர்கள். சித்திரை மாதத்தில் காரின் பின்பக்கம் வீணையைப் போட்டுப் பூட்டிவிட்டுப் போனால் மெட்டுகளைப் பிடித்திருக்கிற மெழுகு இளகிவிடும். மூங்கில் குழல் காய்ந்து விரிசல் விடும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குக் கச்சேரிக்குப் போனால் இதற்கு நேர்மாறு: ஈரத்தில் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். முன்னதாகவே போய்ச் சேருங்கள், மேலே போன பிறகு சுருதி சேருங்கள்.

7. மாற்றாக வருகிறவருக்கு வழக்கமானவருக்குக் கொடுக்கிற அதே சம்பாவனையைக் கொடுங்கள். மேடையில் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். அவருக்கு நன்றாகப் பாடமான கீர்த்தனைகளை முதலில் கேட்டுக்கொண்டு பட்டியல் போடுங்கள். நீங்கள் மூன்று மாதம் சாதகம் செய்த பல்லவியை அன்றைக்கு வைக்க வேண்டாம். ஒத்திகைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். யாரையும் கடைசி நிமிஷத்தில் மதுரை பஸ்ஸிலிருந்து இறக்கி நேரே மேடையில் ஏற்றாதீர்கள்.