கடன் செல்லும் திசை

விடுதிப் பள்ளிகளில் ஆண்டுக்கொரு முறை முன்னாள் மாணவர்கள் கூடுவது வழக்கம். தலை நரைத்தவர்கள் தாங்கள் உறங்கிய கூடத்தைத் தேடிச் செல்வார்கள். உணவுக்கூடத்தில் பழைய வரிசையில் அமர்ந்து உண்பார்கள். அக்கால ஆசிரியர் எவரேனும் இருந்தால் அவர் காலைத் தொட்டு வணங்குவார்கள். மாலைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, 'இந்தப் பள்ளி எனக்குச் சோறு போட்டது, எழுத்தும் தந்தது. நான் ஏதாவது திருப்பித் தர வேண்டும்' என்பார். அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆனால் திருப்பித் தருவது என்றால் என்ன? யாருக்குத் திருப்பித் தருவது? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, சாஸ்திரங்களை ஊன்றிப் படிப்பவரைச் சற்றே தயங்க வைக்கிறது.

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. சாத்விக தானத்துக்கு அது கூறும் இலக்கணங்களுள் ஒன்று, பெறுபவர் 'அனுபகாரி'யாக இருக்க வேண்டும் என்பது. கைம்மாறு செய்ய இயலாதவர் என்று ஸ்ரீ சங்கரர் இதற்குப் பொருள் கொள்கிறார். இயன்றவராயினும் அவரிடம் எதையும் எதிர்பாராமல் கொடுத்தால் அதுவும் சாத்விகமே என்கிறார். கைம்மாறு கருதிக் கொடுப்பது ராஜஸ தானம்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னாள் மாணவரின் நன்கொடையைப் பார்ப்போம். அவர் படித்த பள்ளி அவருக்கு உபகாரம் செய்தது. ஆகவே அதற்குக் கொடுப்பதைத் தானம் என்பதைவிடக் கடனடைப்பு என்பதே பொருந்தும். அது மட்டுமன்று. பள்ளியால் அவருக்கு இன்றும் கைம்மாறு செய்ய முடியும். கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம். குழுவில் இடம் தரலாம். மேடையில் மாலை அணிவிக்கலாம். அப்படியானால் நன்றியிலிருந்து பிறக்கும் கொடை முழுவதுமே இரண்டாந்தரமானதா?

நன்றியை அறங்களுள் மிக உயர்ந்த இடத்தில் வைத்த திருவள்ளுவர், 'செய்ந்நன்றியறிதல்' என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே இந்த இடத்தைத் தொடுகிறார். முன்பு நம்மிடம் எந்த உதவியும் பெறாத ஒருவர் நமக்குச் செய்யும் உதவிக்கு மண்ணையும் விண்ணையும் கொடுத்தாலும் ஈடாகாது என்பது அங்கே அவர் கூறும் கருத்து. பத்து வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி வாசலில் வந்து நின்ற சிறுவன் அந்தப் பள்ளிக்கு அதுவரை என்ன செய்திருந்தான்? ஒன்றுமில்லை. அவன் அனுபகாரி. அவனுக்குப் பள்ளி தந்தது சாத்விக தானம். ஈடு செய்ய முடியாத கடன் என்று வள்ளுவர் கூறுவதும் அதனால்தான். அடைக்க முடியாத கடனை என்ன செய்வது?

வேதம் காட்டும் வழி

மனிதன் பிறக்கும்போதே கடனாளியாகப் பிறக்கிறான் என்பது வேதத்தின் பார்வை. ரிஷிகளுக்குப் பிரம்மசரியத்தாலும், தேவர்களுக்கு வேள்வியாலும், முன்னோர்க்கு மக்கட்பேற்றாலும் கடன் தீர்கிறது என்று தைத்திரீய சம்ஹிதை கூறுகிறது. இவற்றுள் கடைசிக் கடனைக் கவனிக்க வேண்டும். தந்தையிடம் பட்ட கடன் தந்தைக்குத் திரும்பச் செல்வதில்லை. இன்னும் பிறவாத மகனை நோக்கிச் செல்கிறது. ரிஷிகளின் கடனும் அத்தகையதே. அவர்களுக்கு நாம் அனுப்பக்கூடிய பொருள் எதுவும் இல்லை. அவர்கள் கண்டதைக் கற்பதும் அடுத்தவருக்குக் கற்பிப்பதும்தான் அவர்களுக்குச் செலுத்தும் தவணை.

சதபத பிராம்மணம் நான்காவதாக ஒரு கடனையும் சேர்க்கிறது: மனிதர்களுக்குப் பட்ட கடன். அது எவ்வாறு தீரும் என்பதற்கு அந்த நூல் கூறும் விடை நம் பொருளுக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. மனிதர்களுக்குத் தங்க இடம் தருவதாலும், உண்ண உணவு தருவதாலும் அந்தக் கடன் தீர்கிறதாம். விடுதிப் பள்ளி ஒன்று அன்றாடம் செய்வது இவை இரண்டும்தானே! முன்பு இடமும் உணவும் தந்தவருக்கே அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று அந்த நூல் கேட்கவில்லை. வருகின்ற மனிதருக்குத் தந்தால் போதும்.

தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் விடை தரும் பகுதி உள்ளது. ஆசாரியருக்கு விருப்பமான செல்வத்தைக் கொண்டுவந்து கொடு என்று சொல்லும் அதே வாக்கியத்தில், சந்ததி என்னும் இழையை அறுத்துவிடாதே என்றும் அவர் சொல்கிறார். இரண்டு கட்டளைகளும் ஒரே மூச்சில் வருவது தற்செயலாக இருக்க முடியாது. பின்னோக்கிச் செல்லும் காணிக்கை ஒன்று. அது சிறியது, ஒருமுறை செலுத்துவது. முன்னோக்கிச் செல்லும் இழை மற்றொன்று. அது வாழ்நாள் முழுவதும் நீள்வது. சந்ததி என்பது நேரடியாக மக்களைக் குறிக்கும் சொல்லாயினும், குருகுலத்தைப் பொறுத்தவரை மாணவ பரம்பரைக்கும் அதை விரித்துக்கொள்வது தவறாகாது.

வேதரும் அவர் மாணவரும்

முன்னோக்கிச் செல்வது பொருள் மட்டுமன்று. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் தௌம்யர் என்ற குருவிடம் வேதர் என்ற மாணவர் நெடுங்காலம் வாழ்கிறார். எருதைப்போல் பாரம் சுமந்து, வெயிலும் குளிரும் பசியும் தாகமும் பொறுத்துப் பணி செய்கிறார். பின்னர் அவரே குருவானபோது, குருகுலவாசத்தின் துன்பத்தை அறிந்தவராதலால், தம் மாணவர்களை அவ்வாறு வருத்த அவர் விரும்பவில்லை என்று இதிகாசம் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது. நகர்ந்துவிடக்கூடாத வரி அது. 'நாங்கள் பட்டதை நீங்களும் படுங்கள்' என்று மூத்தவர் இளையவரை வருத்தும் வழக்கம் எந்த விடுதிக்கும் புதிதன்று. அதுவும் ஒருவகைக் கைமாற்றம்தான். வேதர் பெற்ற கல்வியைக் கைமாற்றினார். பெற்ற துன்பத்தைத் தம்மோடு நிறுத்திக்கொண்டார். முன்னாள் மாணவர் ஒருவர் தம் பள்ளிக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை.

அந்த வேதரின் மாணவர்தான் உதங்கர். குருதட்சிணையாகக் குருவின் மனைவி கேட்ட குண்டலங்களைத் தேடிப் பௌஷ்ய மன்னனின் அரசியிடம் சென்று, அவற்றைத் தட்சகனிடம் பறிகொடுத்து, நாகலோகம்வரை சென்று மீட்டுவந்தவர். இந்தக் கதைக்கு வங்காளத்தில் ஒரு பின்கதை உண்டு. மகாகவி ரவீந்திரநாத தாகூர் 1901ஆம் ஆண்டு டிசம்பரில், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு சாந்திநிகேதனில் பிரம்மசரிய ஆசிரமத்தைத் தொடங்கினார். பழைய குருகுல முறைப்படி முதலில் கட்டணம் எதுவும் பெறவில்லை. செலவு அவரை நெருக்கியது. பூரியிலிருந்த வீட்டை விற்றார். மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைத் தந்தார். அந்த அம்மையார் 1902 நவம்பரில் மறைந்தார். நாளடைவில் கட்டணம் வாங்க வேண்டியதாயிற்று.

அந்த நெருக்கடிக் காலத்தில் சதீஷ் சந்திர ராய் என்ற இளங்கவிஞர் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். உதங்கரின் கதையைச் சிறுவர்களுக்காக 'குருதட்சிணை' என்ற பெயரில் எழுதினார். 1904ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெரியம்மை அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. நோய்க்கு அஞ்சிப் பள்ளியே சில காலம் ஷிலாய்தஹாவுக்கு இடம் மாறியது. பின்னர் அங்கே ஆசிரியராக இருந்த டபிள்யூ. டபிள்யூ. பியர்சன் 1916இல் வெளியிட்ட சாந்திநிகேதன் பற்றிய ஆங்கில நூலில், இந்தக் கதையின் மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். கதை எழுதியவருக்கு அவருடைய மாணவர்கள் எந்தத் தட்சிணையும் தர வழியில்லாமல் போனது. ஆனால் அவர் கதை அவரை ஒருநாளும் கண்டிராத சிறுவர்களிடம் சென்று சேர்ந்தது.

சாந்திநிகேதனில் பௌஷ உற்சவத்தின்போது, பௌஷ மாதம் ஒன்பதாம் நாள், ஆசிரமத்தைச் சேர்ந்து மறைந்தவர்களை நினைவுகூரும் மரபு ஏற்பட்டது. அன்று எளிய ஹவிஷ்ய உணவு. நன்றி செலுத்த முகவரி இல்லாதவர்களுக்கு நன்றி செலுத்தும் முறை இது.

அதே ஆசிரமத்தில் தொடங்கிய வேறொரு வழக்கம் இதைவிடவும் ஆழமானது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகள் 1915ஆம் ஆண்டு அங்கே தங்கியபோது, மாணவர்களும் ஆசிரியர்களும் சமையல், துப்புரவு முதலிய எல்லா வேலைகளையும் தாங்களே செய்யலாமே என்றார். மார்ச் 10 அன்று சோதனை தொடங்கியது. சிலர் உற்சாகத்தோடும் சிலர் முகம் சுளித்தும் சேர்ந்தார்கள். பாத்திரம் தேய்ப்பவர்களின் சலிப்பு நீங்க அருகே சிலர் சிதார் வாசித்ததை அடிகளே தம் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். சோதனை நீடிக்கவில்லை. ஆயினும் அந்த நாள் 'காந்தி புண்யாஹம்' என்ற பெயரில் நிலைத்தது. அன்று பணியாளர்களுக்கு ஓய்வு, அவர்கள் வேலை மாணவர்களுடையது. விடுதியில் வளர்ந்தவர் தம் கடன் கணக்கை எழுதும்போது தலைமையாசிரியரின் பெயரை எழுதாமல் விடுவதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியவரின் பெயரும், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவரின் பெயரும் அந்தக் கணக்கில் விட்டுப்போகின்றன. அவர்களுள் பலர் ஓய்வூதியம் இன்றி முதுமையைக் கழிப்பவர்கள். கட்டடம் எழுப்புமுன் முன்னாள் மாணவர் சங்கங்கள் பார்க்க வேண்டிய இடம் அது.

முகம் இல்லாத கொடையாளி

நம் காலத்தில் இந்தக் கேள்வி வேறொரு வடிவிலும் எழுந்துள்ளது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டத்துக்கு ஒன்றாக ஜவாஹர் நவோதய வித்யாலயங்கள் பரவின. ஆறாம் வகுப்பில் நுழைவுத் தேர்வு. குறைந்தது நூற்றுக்கு 75 இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. தங்குமிடம், உணவு, சீருடை, நூல்கள் எல்லாம் அரசின் செலவு. தமிழ்நாட்டில் இவை தொடங்கப்படாததால் இங்குள்ளவர்களுக்கு அதிகம் அறிமுகமில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உண்டு. ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று மலைகளின் பெயர் தாங்கிய இல்லங்களில் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் அவர்களுள் ஒரு பகுதியினர் இந்தி வழங்கும் பகுதிக்கும் வழங்காத பகுதிக்கும் இடையே ஓராண்டு இடம் மாறிப் படிக்கும் திட்டமும் உண்டு.

அங்கே படித்து இன்று மருத்துவராகவோ பொறியாளராகவோ இருப்பவர் யாருக்கு நன்றி சொல்வது? அவர் உண்ட ரொட்டியில் தீப்பெட்டி வாங்கிய கூலிப்பெண் செலுத்திய வரியும் கலந்திருக்கிறது. அவள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. தான் கொடுத்ததே அவளுக்குத் தெரியாது. கீதை கூறும் கொடையின் தூய்மை, அறியாமலேயே அவளிடம் அமைந்துவிடுகிறது. திரும்பிச் செல்லும் வழி இங்கே முற்றிலும் அடைபட்டிருப்பதால், கடன் போகக்கூடிய திசை முன்பக்கம் ஒன்றுதான். அவள் மகளைப் போன்ற ஒரு சிறுமி ஊர்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு அப்படியொரு நுழைவுத் தேர்வு உண்டு என்பதே தெரியாது. விடுமுறையில் ஊருக்கு வரும் பழைய மாணவர் அவளுக்கு ஒரு மாதம் கணக்குச் சொல்லிக்கொடுத்தால், அதற்குப் பணம்கூட வேண்டாம்.

நாணத்துடன் கொடுத்தல்

எப்படிக் கொடுப்பது என்பதையும் தைத்திரீய உபநிஷதத்தின் அதே பகுதி கூறுகிறது. சிரத்தையுடன் கொடுக்கச் சொல்லும் ஆசாரியர், நாணத்துடனும் அச்சத்துடனும் கொடுக்கச் சொல்கிறார். கொடுப்பவன் ஏன் நாண வேண்டும்? தான் கொடுப்பது தான் பெற்றதைவிடச் சிறியது என்று அறிந்தவன் நாணத்தான் செய்வான். ஏன் அஞ்ச வேண்டும்? பெறுபவனின் தன்மானம் தன் கையில் இருக்கிறது என்று உணர்ந்தவன் அஞ்சத்தான் செய்வான்.

நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாகிவிடுகிறது. உதவித்தொகை பெறும் பிள்ளைகள் மேடையில் வரிசையாக நிறுத்தப்படுகிறார்கள். ஒருவன் ஒலிபெருக்கியின் முன் வந்து, தன் தந்தை இல்லாததையும் தாய் கூலிவேலை செய்வதையும் கூறி நன்றி சொல்ல வேண்டும். கீழே அவனுடன் படிப்பவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கொடுப்பவருக்கு உரிய நாணம் பெறுபவன்மீது ஏற்றப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே மேடையில் அதே போல் நின்றவர் இன்று நன்கொடையாளர் வரிசையில் அமர்ந்திருக்கவும் கூடும். வேதரைப்போல் அவர் நினைத்தால், ஒரு சொல்லில் அந்த வழக்கம் நின்றுவிடும்.

கொடுக்க இயலாதவரின் துன்பம் வேறு. பள்ளியிலிருந்து வரும் அழைப்பைப் பிரித்துப் படித்துவிட்டு, வெறுங்கையுடன் எப்படிப் போவது என்று வராமலே இருந்துவிடுபவர் எல்லா ஊர்களிலும் உண்டு. அவருக்குக் காளிதாசரின் ரகுவம்சத்தில் ஒரு துணை இருக்கிறது.

வரதந்து முனிவரின் மாணவர் கௌத்சர் கல்வி முடித்துத் தட்சிணை கேட்டு நின்றபோது, நீ செய்த பணிவிடையே போதும் என்றார் குரு. அதுதான் குருவின் முதற்சொல். மாணவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதால் சினமுற்றே, கற்ற வித்தைகள் பதினான்குக்கும் பதினான்கு கோடி பொன் கொண்டுவா என்றார். கௌத்சர் ரகு மன்னனிடம் வந்தார். விசுவஜித் வேள்வியில் அனைத்தையும் கொடுத்துத் தீர்த்திருந்த ரகு, மண்பாத்திரத்தில் அர்க்கியம் ஏந்தி அவரை வரவேற்றான். அதைக் கண்டதுமே கௌத்சருக்கு நிலைமை புரிந்துவிட்டது. வேறிடம் செல்லப் புறப்பட்டார். ரகு விடவில்லை. வரதந்துவுக்கு ரகு பட்ட கடன் ஏதுமில்லை. கௌத்சர் அவனுக்கு எந்த உதவியும் செய்ததில்லை. ஆயினும் இரண்டொரு நாள் பொறுக்கும்படி வேண்டி, குபேரன்மீது படையெடுக்கத் துணிந்து, அன்றிரவு தேரிலேயே உறங்கினான். விடிந்தபோது கருவூலத்தில் பொன்மழை பொழிந்திருந்தது. அவன் முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னான். குருவுக்கு உரியதற்கு மேல் ஒரு பொன்னும் வேண்டாம் என்றார் கௌத்சர்.

புறப்படும்போது, மன்னனுக்குத் தர அவரிடம் எதுவும் இல்லை. உன் தந்தை உன்னைப் பெற்றதுபோல் நீயும் உனக்குத் தகுந்த மகனைப் பெறுவாய் என்று மட்டும் வாழ்த்தினார். ரகுவுக்கு அஜன் பிறந்தான்.