கை கழுவிக்கோ: ஸ்பானிஷ் பழக வந்த பிள்ளைகளுக்கு

மயிலாப்பூரில் என் வீட்டு மாடிக்கு ஸ்பானிஷ் கற்க வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். உரிமையோடு ஒருவரை ‘எழுந்திரு’, ‘கை கழுவிக்கோ’ என்று ஏவும்போது வினையோடு ஒட்டிவரும் ‘தே’தான் அந்த இடம். ஆங்கிலம் வழியாகப் போனால் அது புதிராகவே நிற்கும். வீட்டுத் தமிழ் வழியாக வா.

1. முதலில் உன் காதைத் தீட்டு. ‘குழந்தைக்குத் தலை சீவி விடு’ என்கிறாள் அம்மா. உன்னிடம் ‘தலை சீவிக்கோ’ என்கிறாள். சீப்பும் ஒன்று, வேலையும் ஒன்று. ஆனால் ‘விடு’ அடுத்தவருக்கு, ‘கோ’ உனக்கு. ஸ்பானிஷில் குழந்தைக்குச் சீவுவதென்றால் ‘பெயினலோ’, நீயே சீவிக்கொள்வதென்றால் ‘பெயினத்தே’. 5பி பேருந்தில் படியருகே நிற்கும் பையனிடம் நடத்துநர் சொல்லும் ‘பிடிச்சுக்கோ’, மெக்சிகோவில் ‘அகார்ரத்தே’.

2. ‘உன்’னை விட்டுவிடு. ‘உன் கைகளைக் கழுவிக்கோ’ என்று எந்தப் பாட்டியாவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? ஸ்பானிஷ் பாட்டியும் சொல்லமாட்டாள். ‘லாவத்தே லாஸ் மானோஸ்’ என்பாள். அதில் ‘லாஸ்’ வெறும் சுட்டு. யாருடைய கை என்பதைத் ‘தே’ சொல்லிவிட்டது. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர்கள்தான் அங்கே ‘துஸ்’ (உன்) போடுகிறார்கள்.

3. ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது கவனம். தமிழில் ‘போட்டுக்கோ’, ‘போட்டுக்காதே’ இரண்டிலும் ‘கொள்’ வினைக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஸ்பானிஷில் ‘தே’ முன்னால் தாவும், வினையின் முடிவும் மாறும்: ‘லெவான்தத்தே’ எழுந்திரு, ‘நோ தே லெவான்தெஸ்’ எழுந்திருக்காதே. ‘ஆ’ என்று முடிந்த ஏவல் ‘எ’ ஆகும், ‘எ’ என்று முடிந்தது ‘ஆ’ ஆகும். இந்த ஒரு திருப்பத்துக்கு ஒரு வாரம் முழுக்கச் செலவிடு, வீண் போகாது.

4. தகரத்தை மெத்தென்று சொல்லாதே. ‘அதே’ என்பதில் வரும் தகரம் இங்கே உதவாது. ‘பத்து’ என்பதில் வரும் தகரம் வேண்டும், ஆனால் இரட்டிக்காமல். அதற்காகத்தான் ‘லாவத்தே’ என்று எழுதிக் காட்டுகிறேன். ‘தே’ ஒட்டினாலும் அழுத்தம் பழைய அசையை விட்டு நகராது: ‘லாவா’வில் ‘லா’ மேல் இருந்தது ‘லாவத்தே’யிலும் ‘லா’ மேல்தான். அதைக் காட்டத்தான் அந்த எழுத்தின் தலையில் ஒரு கோடு போடுகிறார்கள். கோட்டை மறந்தால் எழுத்துப்பிழை.

5. குட்டைச் சொற்களை மனப்பாடம் செய். ‘போன்தே’ போட்டுக்கோ, ‘வெத்தே’ கிளம்பு. மறுத்தால் ‘நோ தே போங்காஸ்’, ‘நோ தே வாயாஸ்’. வண்டி எடுக்கும் தம்பியிடம் தினமும் ‘போன்தே எல் காஸ்கோ’ சொல். ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்வான், உனக்கும் பாடம் பதியும்.

6. ‘கோ’வும் ‘தே’யும் எல்லா இடத்திலும் ஜோடி சேரும் என்று எண்ணாதே. ‘குளி’ என்பதில் ‘கோ’ இல்லை. ‘பான்யத்தே’யில் ‘தே’ உண்டு. ‘கத்துக்கோ’வில் ‘கோ’ உண்டு. ‘அப்ரெந்தே’யோ வெறும் வினை, அதன் வால் ஒட்டிய ‘தே’ அல்ல. ‘கவலைப்படாதே’யில் ‘படு’ செய்யும் வேலையை ‘நோ தே ப்ரெயோகூப்பெஸ்’ என்பதில் ‘தே’ செய்கிறது. தமிழ் வாசல் வரை கூட்டிப்போகும். உள்ளே ஒவ்வொரு வினையையும் தனியாகத்தான் பழகவேண்டும்.

7. ஆளைப் பார்த்துப் பேசு. ‘சியென்தத்தே’ என்றால் ‘உட்கார்’. பெரியவர் வந்தால் ‘சியென்தெசே’, அதாவது ‘உட்காருங்கள்’. நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசி வளர்ந்த உனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆர்ஜென்டினாக்காரர் ‘சென்தாத்தே’ என்று அழுத்தத்தைத் தள்ளிப்போட்டுச் சொன்னால் திருத்தப் போகாதே; அது அவர்கள் ஊர் வழக்கு, அங்கே அதுதான் சரி.

8. காலையில் உனக்கு நீயே சொல்லிக்கொள். பேச ஆளில்லை என்று என்னிடம் வந்து நிற்காதே. இந்த ஒரு பாடத்துக்கு இன்னொரு ஆள் தேவையே இல்லை. அலாரம் அடித்ததும் வாய்விட்டு ‘லெவான்தத்தே’, குளியலறைக் கதவருகே ‘பான்யத்தே’, கண்ணாடி முன்னால் ‘பெயினத்தே’. சொல்லு, உடனே செய். ஏவுகிறவளும் நீ, செய்கிறவளும் நீ, பலன் பெறுகிறவளும் நீ. ‘தே’ என்பதன் முழு இலக்கணமும் அதுதான்.