கேள்வியோடும் கீழ்ப்படியலாம்

எல்லாம் விளங்கட்டும், மனதில் சமாதானம் வரட்டும், அதன் பிறகு கீழ்ப்படியலாம் என்று விசுவாசிகளில் பலர் காத்திருக்கிறோம். வேதத்தை வாசிப்பதிலும் அதன்படி நடக்க முயல்வதிலும் நான் கற்றுக்கொண்டது இதற்கு நேர்மாறானது. கேள்விகள் எல்லாம் தீரும்முன்பே, தெளிவாகத் தெரிந்த அளவுக்குக் கீழ்ப்படிவதுதான் விசுவாசம். இதை எரேமியா 32-ஆம் அதிகாரத்தைப்போல எனக்கு விளங்கவைத்த பகுதி வேறில்லை.

சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம் அது. நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் விழும் என்று அறிவித்ததற்காக எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அந்த நிலையில்தான், சொந்த ஊரான ஆனதோத்தில் உறவினரான அனாமெயேலின் நிலத்தை வாங்கும்படி அவருக்குச் சொல்லப்படுகிறது. அந்நியன் கைக்குப் போகவிருக்கும் நாட்டில் யார் நிலம் வாங்குவார்கள்? எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டு முத்திரை போட்டார், சாட்சிகளும் கையெழுத்திட்டார்கள். முத்திரையிட்ட பத்திரம், திறந்த பிரதி இரண்டையும் தம் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் கெடாதிருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவருடைய ஜெபம் வருகிறது. நகரமே பறிபோகும் வேளையில் நிலம் எதற்கு என்ற திகைப்பை அதில் அவர் மறைக்கவில்லை. கேள்வி கடைசிவரை இருந்தது. ஆனால் அதைக் காரணம் காட்டி அவர் கிரயத்தைத் தள்ளிப்போடவில்லை.

இது கண்மூடித்தனம் அல்லவா, ‘கர்த்தர் சொன்னார்’ என்று யார் வந்து சொன்னாலும் நம்பிவிடுவதா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான், அந்தப் பெயரால் ஏமாந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் எரேமியாவும் சோதித்தறிந்தவரே. முன்னறிவிக்கப்பட்டபடியே அனாமெயேல் நேரில் வந்து கேட்ட பிறகுதான் அது கர்த்தருடைய வார்த்தை என்று அவர் உறுதிகொண்டார். கிரயத்தையும் பலர் பார்க்க, சாட்சிகளோடு முடித்தார். இதற்கு எதிர்ப்பக்கத்தில் 28-ஆம் அதிகாரத்து அனனியா நிற்கிறார். இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஜனங்கள் விரும்பியதையே சொன்னார், அது பொய்யானது. ஆகவே ஒரு வார்த்தை வரும்போது மூன்றைப் பாருங்கள்: அது முழு வேதத்தோடு ஒத்துப்போகிறதா, சொல்பவருக்கே லாபம் சேர்க்கிறதா, நாலுபேர் முன்னால் வெளிப்படையாகச் செய்யக்கூடியதா. இந்தச் சோதனை அவிசுவாசம் அல்ல. தேறிய வார்த்தையை அதற்குப் பிறகும் தள்ளிப்போடுவதுதான் அவிசுவாசம்.

கீழ்ப்படிந்ததால் எரேமியாவுக்கு என்ன கிடைத்தது என்பது அடுத்த கேள்வி. நேர்மையாகச் சொன்னால், அந்த நிலத்தின் விளைச்சலை அவர் அனுபவித்ததாக வேதம் சொல்லவில்லை. பின்னாளில் அவர் எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார். கீழ்ப்படிந்தால் கைமேல் பலன் என்று போதிப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். ஆனால் இந்த நாட்டில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்று அந்தப் பத்திரம் சாட்சி சொன்னது. கி.மு. 538 வாக்கில் கோரேஸ் ராஜாவின் கட்டளையால் சிறையிருப்பிலிருந்து ஜனங்கள் திரும்பினார்கள். எஸ்றா 2-ஆம் அதிகாரத்தின் பட்டியலில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர் இருக்கிறார்கள். வார்த்தை தவறவில்லை, அது நிறைவேறும் காலம் எரேமியாவின் ஆயுளுக்குள் அடங்கவில்லை, அவ்வளவே.

நம்மில் பலருக்கு எரேமியாவைப்போல விசேஷமான கட்டளை வருவதில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. மன்னிப்பது, உண்மை பேசுவது, வேலை செய்தவருக்குக் கூலியைப் பிடித்துவைக்காமல் கொடுப்பது, மனஸ்தாபப்பட்ட சகோதரனோடு ஒப்புரவாவது ஆகிய இவையெல்லாம் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. தேவசித்தம் தெரியவில்லை என்று நாம் ஜெபிக்கும் நாட்களிலும் இவை நம் முன்னால்தான் இருக்கின்றன. விளங்காததைக் குறித்து ஜெபத்தில் தாராளமாகக் கேளுங்கள். விளங்கியதை அதுவரை நிறுத்திவைக்காதீர்கள். நீங்கள் தள்ளிப்போட்டுவரும் கட்டளை எது என்பது உங்களுக்கே தெரியும். அதை இன்றைக்கே செய்யுங்கள்.