மலையில் மறைந்த இருப்புப்பாதை

லாஸ்பேட்டையில் வாழும் நமக்குப் புகைவண்டி புதியதன்று. விழுப்புரத்தினின்று புதுவைக்கு 1879-ஆம் ஆண்டில் வந்த இருப்புப்பாதை இன்றும் பயன்பட்டு வருகின்றது. ஆயின், தோன்றிச் சின்னாளில் அழிந்தொழிந்த பாதைகளும் உள. அவற்றுள் குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையின் வரலாறு மாணாக்கர் அறியத்தக்கது.

மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத் தோட்ட முதலாளிகள் தேயிலை பயிரிட்டனர். இலை செழித்தது, அதனைச் சமவெளிக்குக் கொண்டு சேர்த்தலே பேரிடராயிருந்தது. இவ்விடரே இருப்புப்பாதைக்கு வித்தாயிற்று.

1902-இல் முதற்கண் அமைந்தது ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் பாரத்திற் பெரும்பங்கை அத்தண்டவாளம் தாங்கும். பக்கத்தே தரையில் உருளும் சக்கரமொன்று வண்டியைச் சாயாது காக்கும். இழுப்பன எருதுகள். இரும்பின்மேல் உருளை எளிதில் ஓடுமாதலின், வெறுஞ்சாலையில் இழுப்பதினும் மிகுந்த பாரத்தை அவை இழுத்தன. 1908-இல் இது நீங்கி, இரண்டடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளமும் நீராவி எஞ்சினும் வந்தன.

பாதை மூணாற்றினின்று மாட்டுப்பட்டி வழியே டாப் ஸ்டேஷனை அடைந்து முடிவுற்றது. அதற்கப்பால் செங்குத்தான சரிவு. ஆதலின், தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிப் பக்கத்துப் பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் சேரும். பின்னர்க் கடல் கடந்து இங்கிலாந்துக்கும் செல்லும். அந்நாட்டார் பருகிய தேநீருக்குப் பின்னே எத்துணையோ கைகள் உழைத்தன. அவற்றுட் பல, தமிழ்நாட்டினின்று மலையேறிய ஏழைத் தொழிலாளருடையவை.

1924 ஜூலையில் பெருமழை பொழிந்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்தமையின், மலையாள நாட்டார் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். மலைகள் சரிந்தன, தண்டவாளமும் பாலங்களும் அழிந்தன. அப்பாதையை மீண்டும் எவரும் அமைத்திலர். நான்காண்டு கழித்து, 1928-இல், மதுரையினின்று போடிக்குப் புகைவண்டி வந்தது. கீழே பாதை வந்தபோது மேலே பாதை இல்லை!

மூணாற்றின் பழைய நிலையக் கட்டடம் பிற்காலத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. டாப் ஸ்டேஷனில் இன்று ஸ்டேஷன் இல்லை. பெயர் மட்டும் நிற்கின்றது. அங்குச் செல்வோருட் பலர் மேகத்தைக் கண்டு மகிழ்ந்து, பெயரின் காரணம் வினவாது மீள்கின்றனர்.

நண்பர்காள்! ஊர்ப்பெயரும் ஒரு வரலாற்று ஏடே. நம் லாஸ்பேட்டையின் பெயரிலும், புதுவையை ஆண்ட லா என்னும் பிரெஞ்சு ஆளுநரின் நினைவு உறைகின்றது. ஆளுநர் பெயரை ஊர் காத்தது. தண்டவாளமிட்டோர் பெயரையும் பெட்டி சுமந்தோர் பெயரையும் எவ்வூரும் காக்கவில்லை. அவரையும் நினைத்தலே வரலாறு கற்றதன் பயனாம்.