மறைவுறவும் ஈமக்கடனும்: ‘கோந்த்ராகொர்ரியெந்தே’ திரைப்படத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: தன்பாலீர்ப்பு, களவு, அலர், ஈமக்கடன், பெரு நாட்டுத் திரைப்படம்

ஹாவியேர் ஃபுயெந்தெஸ்-லியோன் எழுதி இயக்கிய ‘கோந்த்ராகொர்ரியெந்தே’ 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பானிய மொழித் திரைப்படமாகும். ‘நீரோட்டத்திற்கு எதிராக’ என்பது அதன் பெயர்ப்பொருள். ஆங்கிலத்தில் அது ‘அண்டர்டோ’ என்னும் பெயரால் அறியப்படுகிறது. இயக்குநரின் முதல் முழுநீளப் படமாகிய இது, 2010ஆம் ஆண்டுச் சண்டான்ஸ் விழாவில் உலகத் திரைப்பட நாடகப் பிரிவின் பார்வையாளர் விருதினைப் பெற்றது. அவ்வாண்டின் ஆஸ்கார் போட்டிக்குப் பெரு நாட்டின் சார்பிலும் அனுப்பப்பட்டது. பெருவின் வடகரையிலுள்ள காபோ பிளாங்கோ என்னும் மீனவச் சிற்றூரே கதைக்களம்.

மிகேல் அவ்வூர் மீனவன். ஊராரின் மதிப்பைப் பெற்றவன். அவன் மனைவி மரியெலா கருவுற்றிருக்கிறாள். நகரத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஓவியன் சந்தியாகோவோடு மிகேலுக்கு மறைவான உறவு உண்டு. ஊரார் சந்தியாகோவை ஒதுக்கியே வைத்துள்ளனர். ஒருநாள் அவன் கடலில் மூழ்கி இறக்கிறான். ஆயின் மிகேலின் கண்ணுக்கு மட்டும் புலனாகும் ஆவியுருவாய் மீண்டும் வருகிறான். தன் உடலைத் தேடியெடுத்து, ஊர் மரபுப்படி கடலுக்கு ஒப்படைத்தாலன்றித் தனக்கு அமைதியில்லை என்பது அவனது வேண்டுகோள்.

மணவாழ்விற்குப் புறம்பான உறவினைப் பேசும் படங்கள் பெரும்பாலும் ‘உண்மை எப்போது வெளிப்படும்’ என்னும் எதிர்பார்ப்பின் மீது கட்டப்படுபவை. இப்படத்திலும் அவ்வெதிர்பார்ப்பு உண்டு. எனினும் அதனினும் ஆழமான வினா ஒன்று இதில் எழுகிறது: உறவென்று சொல்லிக்கொள்ள இயலாத ஒருவருக்கு இறந்தவரின் உடல்மீது என்ன உரிமை, என்ன கடமை? பெருவில் ஒருபால் உறவு 1924ஆம் ஆண்டிலேயே குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் இப்படம் வெளிவந்த காலத்தில் ஒருபால் இணையரின் உறவுக்குச் சட்ட ஏற்பு எதுவும் அங்கில்லை. தண்டனை இல்லை, உறவுமுறையும் இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில்தான் மிகேல் நிற்கிறான்.

இருமடி வஞ்சகம்

ஆவியுருவின் வருகை மிகேலுக்குத் துயரைவிட வசதியையே மிகுதியாகத் தருகிறது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. உயிரோடிருந்தபோது ஊரறிய அருகில் நிற்கவும் இயலாதவனோடு இப்போது தெருவில் கைகோத்து நடக்கலாம். தன் வீட்டிலேயே, மனைவி இருக்கும்போதே, அவனை அருகில் அமர்த்திக்கொள்ளலாம். யாரும் காணப்போவதில்லை. மறைப்பின் உச்சநிலை இது. காதலன் முற்றிலும் கண்ணுக்குப் புலப்படாதவன் ஆனபின்னரே மிகேலுக்கு விடுதலையுணர்வு வாய்க்கிறது.

இதனாலேயே படத்தின் மையமான நிகழ்வு நிகழ்கிறது. கடலடியில் சந்தியாகோவின் உடலைக் காணும் மிகேல் அதனைக் கரைசேர்க்காமல், நீரோட்டத்தில் விலகிச் செல்லாதவாறு அங்கேயே கட்டிவைத்துவிடுகிறான். உடல் கிடைத்ததை ஆவியிடமும் சொல்வதில்லை. மனைவியை ஏமாற்றியவன் இப்போது காதலனையும் ஏமாற்றுகிறான். முதலாவது அச்சத்தால் விளைந்தது; இரண்டாவதோ அன்பென்னும் பெயரால் செய்யப்படுவது. இவ்விரண்டாம் வஞ்சகமே கொடிதென இப்படத்தின் கட்டமைப்பு உணர்த்துகிறது. பிறர் உயிரையும் அமைதியையும் தன் மறைவுக்குக் காவலாக்கிக்கொள்ளும் இச்செயலின்முன், படுக்கையறைத் துரோகம் சிறிதாகிவிடுகிறது.

களவும் அலரும்

அகத்திணை மரபின் கலைச்சொற்கள் சில இப்படத்தை விளக்கத் துணைநிற்கின்றன. களவொழுக்கத்தில் அம்பல் என்பது சிலரிடையே அரும்பிநிற்கும் முணுமுணுப்பு. அலர் என்பது அது ஊரறியப் பரவிய நிலை. இலக்கண மரபில் அலருக்கு ஆக்கப்பணி ஒன்று உண்டு. தலைவிக்குத் துன்பம் தரினும், அது களவை வரைவுநோக்கி உந்துவது. காபோ பிளாங்கோவிலும் இவ்விரு நிலைகள் தெளிவாகக் காணப்படுகின்றன. ஓவியனைப் பற்றிய கிசுகிசுப்பு முதலிலிருந்தே உள்ளது. அவன் இறந்தபின் அவன் வீட்டிலுள்ள மிகேலின் ஆடையற்ற ஓவியம் ஊரார் கண்ணில் பட்டதும் அது அலராகிறது. ஆனால் வரைவுக்கு வழியில்லை, காதலன் உயிருடன் இல்லை, இருந்திருப்பினும் வழியில்லை. ஆகவே இங்கு அலர் உந்திச்செல்வது மணத்தை நோக்கியன்று, ஈமக்கடனை நோக்கியே.

கடற்கரை, இரங்கல் எனும் ஒற்றுமைகளைக் கொண்டு இப்படத்தை நெய்தற்பாட்டாக வாசிக்க முற்படுவது எளிது. ஆனால் அது பொருந்தாது. நெய்தலில் இரங்குபவள் பெரும்பாலும் கரையில் காத்திருக்கும் தலைவி. இங்கு இரங்கும் உரிமையே பூசற்பொருளாகிறது. மரியெலாவின் சினத்தையும் மருதத்து ஊடலோடு ஒப்பிட இயலாது. ஊடலுக்கு வாயில்கள் உண்டு, தணிவுக்கு முன்வகுத்த நெறி உண்டு. தன் கணவனது ஓவியத்தைப் பற்றி ஊரார் வாயிலாக அறியும் இவளுக்காகப் பேசுவோர் எவருமிலர்.

இவ்விடத்தில் படத்தின் குறையொன்றையும் சுட்டவேண்டும். தாத்தியானா அஸ்தெங்கோவின் நடிப்பு மரியெலாவுக்கு மிகுந்த கண்ணியம் சேர்க்கிறது. ஆயினும் திரைக்கதை அவளுக்குத் தனிமைக் காட்சிகளை அரிதாகவே தருகிறது. இழந்தவனோடு உரையாடும் வாய்ப்பு மிகேலுக்குக் கிட்டுகிறது. தான் இழந்த மணவாழ்வோடு உரையாட அவளுக்கு ஆவி எதுவும் வருவதில்லை. குடும்பத்திற்கு இழைக்கப்பட்ட வஞ்சகம் பெரிதும் இழைத்தவன் கண்வழியாகவே சொல்லப்படுகிறது.

இரு சடங்குகள்

படத்தின் தொடக்கத்தில் இறந்த உறவினன் ஒருவனைக் கடலுக்கு ஒப்படைக்கும் சடங்கினை மிகேல் முன்னின்று நடத்துகிறான். வெண்துணி சுற்றிய உடல், படகு, உடன்நிற்கும் ஊர். அங்கு அவனது உரிமையை வினவுவார் இல்லை, அவன் உறவினன். பிற்பகுதியில் சந்தியாகோவின் உடல் மீனவர் வலையில் அகப்படுகிறது. அதனைக் கொண்டுசெல்ல அவன் குடும்பத்தார் வருகின்றனர். முன்பு மனைவியிடம் மறுத்துப் பேசிய மிகேல், இப்போது இறந்தவனின் தாயிடம் நேரில் சென்று அவ்வுடலைக் கேட்கிறான். எந்த உறவின் பெயரால் கேட்கிறான் என்பதை அவள் அறிவாள். மிகேல் வாய்விட்டு ஏற்கும் முதல் பொது அறிவிப்பு காதல்மொழியாக அமையாமல், பிணத்தைக் கேட்கும் வேண்டுகோளாக அமைந்திருப்பது இப்படத்தின் தனித்தன்மை.

தாய் இசைகிறாள். உடல் ஊர்த்தெரு வழியே சுமந்துசெல்லப்படுகிறது. சிலர் தோள்கொடுக்கின்றனர், சிலர் விலகி நிற்கின்றனர். யாரும் காணாதபோது ஆவியோடு கைகோத்து நடந்த அதே ஊரில், இம்முறை அனைவரும் காண அவன் நடக்கிறான். கடலின் நடுவே உடலை நீருக்கு ஒப்படைத்தபின், அருகிலிருந்த உருவமும் இல்லாதாகிறது. படகில் மிகேல் மட்டும் எஞ்சுகிறான்.